இரண்டு பெட்டியிலும் என் குலவை

எனக்கு எண்பத்தொரு வயது நடக்கிறது. வளர்த்தது ஐந்து பேரை. அதில் நான் பெற்றது நாலு, என் அம்மா பெற்றது ஒன்று. அந்த ஒன்றைப் பற்றித்தான் இப்போது சொல்கிறேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. என் பெயரை எழுதுவேன். பஸ்ஸில் தென்காசி என்று போட்டிருந்தால் ஏறுவேன், செங்கோட்டை என்று போட்டிருந்தால் அடுத்ததற்கு நிற்பேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை. நான் சொல்லச் சொல்ல மகன் வழிப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அங்கங்கே புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். யார் என்ன பேசினார்கள் என்பதை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி பால்குடி மறக்குமுன் அம்மா போய்விட்டாள். அப்போது நான் பாவாடை சட்டைதான் போட்டிருந்தேன். அன்றைக்கு இடுப்பில் ஏறியவன், எனக்குக் கல்யாணம் பேச வந்தபோதும் இறங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே வாய் திறந்து, "நான் வந்தா இவனும் கூட வருவான்" என்று சொன்னேன். கல்யாணப் பெண் வாய் திறந்து பேசுவது அந்தக் காலத்தில் பெரிய குற்றம். என் மாமியார் சிரித்துவிட்டாள். "வரட்டும், இருக்கிற சட்டிக்கு ஒரு கை அரிசி கூடப் போட்டாப் போச்சு" என்றாள். அந்த ஒரு பேச்சுக்காகவே கடைசி வரைக்கும் அவளுக்கு நான் கால் பிடித்துவிட்டேன்.

நாங்கள் இருந்தது தென்காசிக்குக் கிழக்கே, சுந்தரபாண்டியபுரம் போகிற பாதையில். வீட்டுக்காரருக்கு நெல் வயல். எங்கள் அம்மன் கோயிலில் ஆவணி மாதம் கொடைத் திருவிழா நடக்கும். கொடையில் குலவையை எடுத்துக் கொடுப்பது மாமியார். அவளுக்குப் பல் விழுந்ததும் அது எனக்கு வந்தது.

குலவை என்றால் நாக்கைப் புரட்டிச் சத்தம் போடுவதுதானே என்று இப்போதுள்ள பிள்ளைகள் நினைக்கிறார்கள். சத்தம் யாரும் போடுவார்கள். எப்போது நிறுத்துவது என்பதுதான் வேலை. மேளமும் குலவையும் ஏறினால்தான் சாமியாடிக்கு அருள் வரும். அவர் ஆடுவார். ஆட்டம் முற்றியதும் வலது குதிகால் ஒரு மாதிரி தரையில் ஊன்றும். கை திருநீற்றுக் கொப்பரைப் பக்கம் போகும். அந்த இடத்தில் நான் கையைத் தூக்க வேண்டும். அத்தனை பெண்களும் கப்பென்று நிறுத்துவார்கள், மேளமும் நிற்கும். அந்த அமைதியில்தான் அம்மன் வாக்குச் சொல்லுவாள். கண்ணை எடுக்காமல் அவர் காலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாமியார் எனக்குச் சொல்லித் தந்தது அது ஒன்றைத்தான்.

அதனால்தான் எங்கள் ஊரில் குலவைக்காரிக்கு வெற்றிலை உண்டு. கொடைக்குப் பந்தல்கால் நாட்டியதும் மேளக்காரருக்கு, சாமியாடிக்கு, மைக்செட்டுக்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். பெண்ணாகப் பிறந்தவர்களில் அந்த வெற்றிலை எனக்கு மட்டும்தான். கோயில் காரியம் பார்க்கிற அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "வந்து தொடங்கி வையும்மா" என்பார். நான் முந்தானையில் வாங்குவேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது. எதற்கு மறைக்க வேண்டும்?

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. தென்காசியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பழகினான். பிறகு குற்றாலத்தில், அருவிக்குப் போகிற வழியில் சொந்தமாக ஒரு கடை போட்டான். கேசட் பதிந்து கொடுப்பது, கல்யாணம் காட்சிக்கு மைக்செட் கட்டுவது, இதுதான் தொழில். எல்லாருடைய செட்டிலும் தென்னை மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்தான் இருக்கும். இவன் மட்டும் எண்பதாம் வருசத்துக்குப் பிறகு எங்கேயோ பிடித்து ஸ்டீரியோ செட் கொண்டுவந்தான். ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் மரப்பெட்டி. பெரிய சக்கரம் சுற்றுகிற ஸ்பூல் டேப் மிஷின் இரண்டு.

ஆடி மாதம் நானும் வீட்டுக்காரரும் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அவன் கடைக்குப் போனோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் சூடாக ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போய்விட்டார். தம்பி ஒரு நாற்காலியை எடுத்து இரண்டு பெட்டிக்கும் எதிரே போட்டான்.

"அக்கா, இங்கன உக்காரு. நட்டநடுவுல. அங்கிட்டு இங்கிட்டு சாயாத. கண்ண மூடிக்கோ."

மூடினேன். இடது பக்கம் அருவி விழுந்தது. வலது பக்கம் பெண்கள் சிரித்தார்கள். நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தியும் இல்லை.

"எப்படி?" என்றான்.

"இதுல என்னலே இருக்கு? வெளிய போனா நெசத்துலயே கேக்கலாம்."

"உனக்குக் காது இருக்கே தவிர ரசனை இல்லக்கா" என்று சிரித்தான்.

அப்புறம் இன்னொரு வித்தை காட்டினான். டேப்பில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டி, மாலை போல வளையமாக்கினான். ஒரு பக்கம் மிஷினுக்குள் மாட்டினான். மறுபக்கம் தொய்யாமல் இருக்க, மேஜையில் ஒரு சோடா பாட்டிலை நிறுத்தி அதைச் சுற்றிவிட்டான். மிஷினைத் தட்டியதும் வளையம் சுற்றியது. அவன் குரல், "வாங்க வாங்க" என்றது. மறுபடியும் "வாங்க வாங்க" என்றது. ஓயவே இல்லை.

"யாரும் பக்கத்துல நிக்க வேண்டாம்க்கா. கரண்ட் இருக்கிறவரைக்கும் அதுபாட்டுக்குச் சுத்தும்."

எனக்கு அப்போது நெஞ்சு நிறைந்தது. என் இடுப்பில் இருந்த பிள்ளை இவ்வளவு செய்கிறானே என்று. அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டான்.

"ஒரு குலவை போடேன். பெண்டுக சத்தத்தப் பெட்டி நல்லா எடுக்கான்னு பாக்கணும்."

"குலவைய சும்மா போடக் கூடாதுலே. சாமி வேணும், இல்ல கல்யாணம் காட்சி வேணும்."

"இங்கன யாரு இருக்கா? நீயும் நானுந்தான். பாத்துட்டு அப்பவே அழிச்சிருதேன்."

வேறு யார் கேட்டிருந்தாலும் எழுந்து வந்திருப்பேன். அவன் கேட்டான், போட்டேன். போட்டு முடித்துக் கையை இறக்கும்போது வளையல் மைக் கம்பியில் பட்டுக் கிணுங் என்றது. "ஐயோ, கெட்டுப் போச்சா?" என்றேன். "அதனால என்ன, அழிக்கத்தானே போறேன்" என்றான். என் முன்னாலேயே சக்கரத்தைச் சுற்றவிட்டு, "அழிஞ்சு போச்சு" என்றான். அந்தச் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினால் அழியும், எந்தப் பக்கம் சுற்றினால் அழியாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவன் முகத்தைப் பார்த்தேன், நம்பினேன்.

ஆவணி வந்தது. கோயிலில் கால் நாட்டினார்கள். மேளக்காரருக்கு வெற்றிலை போனது என்றார்கள். சாமியாடி என் வீட்டுக்காரருடைய பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா; அவர் வீட்டுக்கும் போனது. எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை. வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடையைத் திறந்தே வைத்திருந்தேன். கோயில் அண்ணாச்சி எங்கள் தெரு வழியாகவே போனார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார், போய்விட்டார். வெற்றிலை தராமல் சிரிக்கவும் செய்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்காரர், "ஒரு எட்டு போய்க் கேட்டா என்ன? மறந்திருப்பாங்க" என்றார்.

"கேட்டு வாங்குறதுக்கு அழைப்புன்னு பேரா?" என்றேன். அவர் மம்பட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

கொடைக்கு முந்தின நாள் தம்பி வந்தான். அந்த வருசம் மைக்செட் அவனுடையது. பெட்டிகளைக் கோயிலில் இறக்கிவிட்டு, எங்கள் வீட்டில் சாப்பிட வந்தான். வெந்தயக் குழம்பு வைத்திருந்தேன். இலையில் உட்காரும்போது பார்த்தேன், வாய் சிவந்திருந்தது. அவனுக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது.

"இது எப்பலே பழகுன?"

"சும்மா. ஒருத்தர் குடுத்தாரு, போட்டேன்."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. என் மனத்தில் இருந்தது வேறு. சோற்றைப் போட்டுக்கொண்டே, "இந்த வருசம் என்னைய யாரும் அழைக்கலலே" என்றேன். சொல்லும்போது குரல் உடைந்தது. அவனிடம்தானே உடையும், வேறு யாரிடம் உடையும்?

அவன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். "அவங்களுக்கு என்ன திமிரோ. நீ போவாதக்கா. அழைக்காத எடத்துல நமக்கு என்ன சோலி? மானத்தோட வீட்டுல இரி."

எனக்காக இவனுக்கு ரோசம் வருகிறதே என்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானக் கொடை. ஊரே கோயிலில் இருந்தது. நான் தலை குளித்து, கொடைக்கு உடுத்துகிற அரக்குச் சேலையை உடுத்திக்கொண்டு, வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். போகப் போவதில்லை என்றால் ஏன் உடுத்தினேன் என்று பேத்தி கேட்கிறாள். கடைசி நேரத்திலாவது யாராவது வருவார்கள் என்று ஒரு எண்ணம்தான்.

மேளம் ஏறியது. இப்போது குலவை எழ வேண்டும், யாரைத் தொடங்கச் சொல்லியிருப்பார்கள் என்று காதைக் கொடுத்தேன். குலவை எழுந்தது. இருபது முப்பது பெண்கள் சேர்ந்து போடுகிற மாதிரி, இந்தப் பக்கம் தொடங்கி, அந்தப் பக்கம் ஓடி, மறுபடி இந்தப் பக்கம் வந்தது. இவ்வளவு பெரிய குலவையை எங்கள் ஊரில் நான் கேட்டதே இல்லை. நான் இல்லாமலே இவ்வளவு நன்றாகப் போடுகிறார்களா என்று வயிறு எரிந்தது.

அப்போது கிணுங் என்றது. கொஞ்சம் பொறுத்து, வேறொரு பக்கத்திலிருந்து இன்னொரு கிணுங்.

என் கையைத் தூக்கிப் பார்த்தேன். வளையல் என் கையில்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு மயினி, பிள்ளைக்குப் பால் எடுக்க வீட்டுக்கு ஓடி வந்தவள், என் நடையில் என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். "என்ன மயினி, இங்கன உக்காந்துக்கிட்டு அங்கன குலவை போடுதியளா? ஆள் வராம சத்தத்த மட்டும் அனுப்பி வச்சிட்டியளாக்கும்? பெரிய மனுசிதான்!"

"யாரு அனுப்புனது?" என்றேன்.

"உங்க சத்தந்தானே அது? நாங்களும் கூடச் சேந்து போட்டோம். அது நிக்கிற பாடக் காணோம். வாய் வலிச்சுப் போயி நிறுத்திட்டோம். சாமி இன்னும் ஆடிக்கிட்டே இருக்கு."

குலவை நிற்கவில்லை என்று அவள் சொன்னபோதுதான் எனக்குச் சாமியாடி நினைப்பு வந்தது. பெரிய மாமாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. குலவை நிற்காமல் அவர் எப்படி நிற்பார்? அழைப்பு, மானம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை.

கோயில் முன்னால் இடது பக்கம் ஒரு பெட்டி, வலது பக்கம் ஒரு பெட்டி. நடுவில் பெரிய மாமா ஆடிக்கொண்டிருந்தார். குதிகாலை ஊன்றிவிட்டார். கை கொப்பரைக்குப் போனது. என் குரல் இடது பெட்டியிலிருந்து மறுபடி எழுந்தது. கை திரும்பி வந்து, உடம்பு மறுபடி குலுங்கியது. வலது பக்கம் திரும்பினார், அங்கேயும் நான்தான். நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. மேளக்காரர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. குலவை நிற்காமல் அவர்களும் நிறுத்த மாட்டார்கள். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அம்மன் அந்த வருசம் உக்கிரமாக வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

பந்தலுக்குப் பக்கத்தில் மேஜை. மேஜையில் இரண்டு மிஷின், இரண்டு சோடா பாட்டில், இரண்டு வளையம். பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஒரு வளையம் மற்றதைவிட ஒரு சாண் குட்டை. அதனால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேராமல், ஒன்றை ஒன்று துரத்தி, என் ஒருத்தியை ஒரு கூட்டமாக்கியிருக்கிறது. இது எனக்குப் பிறகு விளங்கியது. அப்போது விளங்கவில்லை. எந்தப் பித்தானை அமுக்க வேண்டும் என்றும் தெரியவில்லை. கையை வீசி ஒரு பாட்டிலைத் தட்டிவிட்டேன். டேப் தொய்ந்து மிஷினுக்குள் சுருண்டது. என் குரல் கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஆனால் வலது பெட்டி விடவில்லை. நான் நிறுத்திய பிறகும் நான் போட்டுக்கொண்டேயிருந்தேன். இரண்டாவது வளையத்தைக் கையாலேயே பிடித்து இழுத்து அறுத்தேன். விரலில் கோடு விழுந்தது.

எல்லாம் நின்றது. மேளம் நின்றது. பெரிய மாமா தள்ளாடி வந்து என் தோளைப் பிடித்தார். வாக்குக் கேட்க எல்லாரும் குனிந்தார்கள். அவர் அம்மன் குரலில் பேசவில்லை. தன் குரலிலேயே, "தண்ணி தா, தாயி" என்றார். அந்த வருசம் வாக்கு அவ்வளவுதான்.

அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கோயில் அண்ணாச்சி என்னிடம் வந்தார். அவருக்குக் கண் சிவந்திருந்தது. "எங்க மேல உனக்கு என்னத்தா கோவம்? வரமாட்டேன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமே. சத்தத்த டேப்புல அனுப்பி வைக்கேன்னு சொன்னியாம். சரி, அதுவாவது கெடைச்சுதேன்னு இருந்தோம். இப்ப அதையும் வந்து அறுத்துப் போட்டா என்ன அர்த்தம்?"

"நான் எப்ப அண்ணாச்சி சொன்னேன்? எனக்கு வெத்தலையே வைக்கலையே நீங்க."

"வைக்கலையா? செட்டுக்கு வெத்தல வைக்கக் குத்தாலத்துக்குப் போனப்ப, உனக்குள்ளதையும் உன் தம்பி கையிலதானே குடுத்தேன்! 'அக்காகிட்ட நான் சேத்திருதேன்'னு வாங்கினான். ரெண்டு நாள் கழிச்சு, 'அக்காவுக்கு மேலுக்குச் சொகமில்ல, சத்தம் மட்டும் வரும்'னு சொல்லி அனுப்பினான்."

அவன் வாய் சிவந்திருந்தது என் கண்முன் வந்தது. என் வெற்றிலையைத்தான் மென்றுவிட்டு, என் வீட்டில் வந்து, என் கையால் சோறு தின்றிருக்கிறான்.

தம்பி எங்கே இருந்தான் தெரியுமா? எதிரே வேப்பமரத்தடியில். சுரண்டையிலிருந்தும் பண்பொழியிலிருந்தும் வந்த மைக்செட்டுக்காரர்களை இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் நிறுத்தி, "கண்ண மூடிக் கேளுங்க அண்ணாச்சி, சத்தம் ஓடுதா இல்லையா?" என்று காட்டிக்கொண்டிருந்தானாம். அவர்களோடு அவனும் கண்ணை மூடியிருந்தான். பெரிய மாமாவுக்கு மூச்சு இளைத்ததை அதனால்தான் பார்க்கவில்லை. சத்தம் அறுந்ததும் ஓடி வந்தான். வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மிஷினைப் பார்த்தான். சுருண்ட டேப்பைப் பார்த்தான்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்ட? எத்தன நாள் ஒட்டி ஒட்டிச் செஞ்சேன் தெரியுமா?"

"என் வெத்தல எங்கலே?"

அவன் சுருண்ட டேப்பை மிஷினிலிருந்து உருவ ஆரம்பித்தான்.

"என் வெத்தல எங்கன்னு கேட்டேன்."

"சுத்துப்பட்டுச் செட்டுக்காரன் பூரா வந்திருக்கான்க்கா, இதக் கேக்க. நீ வந்து வாயால போட்டேன்னா இத யாரு கேப்பா? உன் சத்தந்தானே? உனக்கும் பெருமைதானே?"

சுற்றி நின்றவர்களில் சிலர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. என் சத்தம் இருந்தால் போதும், நான் வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அவனுக்குப் பேச்சு வந்ததே என் வாயைப் பார்த்துத்தான்.

நான் அவனை அடிக்கவில்லை, வையவும் இல்லை. "சாப்பிட்டுட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவன் சாப்பிட வரவில்லை.

அடுத்த வருசம் கோயில் அண்ணாச்சி என் வாசலுக்கே வந்து, என் முந்தானையிலேயே வெற்றிலையைப் போட்டார். எனக்குப் பல் ஆடுகிற வரைக்கும் ஊரில் நான்தான் தொடங்கினேன், நான்தான் நிறுத்தினேன். ஆனால் தம்பி உட்கார்ந்திருக்கிற இடத்தில் மட்டும் வாய் திறந்ததில்லை. என் மகள் கல்யாணத்தில் தாலி ஏறும்போதுகூட. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தாய்மாமன் என்று அவன் முன்வரிசையில் இருந்தான். நான் மயினியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், அவள் போட்டாள்.

அவன் பிறகு மெட்ராஸ் போய் நன்றாக வந்துவிட்டான். நல்லது கெட்டதுகளில் பார்ப்போம். சோறு போடுவேன், சாப்பிடுவான். ஒருதரம், "இன்னுமாக்கா அத நெனச்சிக்கிட்டிருக்க?" என்றான். அப்போதும் தப்பு என்று சொல்லவில்லை.

போன வாரம், இதை எழுதுகிற என் பேத்திக்குப் போன் போட்டிருக்கிறான். அவனுடைய பேத்திக்குக் கல்யாணமாம். "ஆச்சியால இவ்வளவு தூரம் வர முடியாதுல்லா. ஒரு குலவைய மட்டும் போன்ல பிடிச்சு அனுப்பு. இங்கன ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் வச்சுப் போட்டுக்கிடுதோம்" என்றிருக்கிறான். இவளும் போனை என் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

"போட்டுருங்க ஆச்சி. பாவம் தாத்தா, ஆசையாக் கேக்காவ."

"அத உள்ள வை. பேப்பர எடு" என்றேன். அப்படித்தான் இதை எழுதத் தொடங்கினோம்.

என்னால் மெட்ராஸ் வர முடியாது என்று அவனாகச் சொல்கிறான். என்னை யாரும் கேட்கவில்லை. அவன் இங்கே வரட்டும். இந்த வாசலில் நின்று, என் முந்தானையில் வெற்றிலை வைத்து, "வந்து தொடங்கி வை" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். இருக்கிற பல்லோடு, ரயிலேறிப் போய்ப் போடுகிறேன். அதில்லாமல் சத்தம் மட்டும் போகாது.

எழுதிவிட்டாயா? சரி, இப்போது வாசி. ஒரே தடவை வாசித்தால் போதும். நான் கையைத் தூக்கினால் நிறுத்து.